ஆய்வுகூடத்துத் துடக்கு

உங்கள் புதிய ஆய்வுகூடத்தைப் போன கிழமை வந்து பார்த்தேன். அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று கதவில் மூன்று மொழியிலும் எழுதி, கீழே சிவப்பில் கோடும் இழுத்திருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது. நான் வெளியே கதிரையில் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அந்தக் கதவால் கணக்காளர் போய் வந்தார், சாரதி போய் வந்தார், இன்னொருவர் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் வெறுங்கையோடு வந்தார். உள்ளே குளிர்சாதனப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். எல்லாரும் மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. எங்கள் காலத்தில் இதே வேலையைக் கதவில் ஒன்றும் எழுதாமலே செய்து முடித்தோம். உங்கள் மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்களே, இதையே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற ஆளிடம் எழுதக் கேட்டது உங்கள் பிழை.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய நேரம். கிளிநொச்சியிலிருந்து உள்ளே போனால் ஒரு சிறிய விவசாய ஆராய்ச்சி நிலையம். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பெரிய இடங்களில் இருக்கிறார்கள். நான் ஆய்வுகூட உதவியாளர். எனக்கு மேலே ஆராய்ச்சி உத்தியோகத்தர், நாங்கள் எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்ட பெண். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு, கோபத்தில் ஒரு தலைமுறை மூப்பு. அவருக்கு மேலே பணிப்பாளர். பணிப்பாளருக்கு மேலே கடவுள். சில நாட்களில் இந்த ஒழுங்கு மாறியும் இருக்கும்.

பணிப்பாளர் யாழ்ப்பாணத்தவர். வெள்ளிக்கிழமை காலையிலேயே அவருடைய மனம் ஆனையிறவைக் கடந்துவிடும், உடம்பு பின்னேர பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பக்திமான். வருடா வருடம் ஆயுத பூசை அமர்க்களமாக நடக்கும். உழவு இயந்திரத்துக்குப் பொட்டு, மண்வெட்டிக்குப் பொட்டு, தட்டச்சுப் பொறிக்குப் பொட்டு. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் விளக்குக் கொளுத்துகிறவள்தான், அவலும் கடலையும் முதல் ஆளாகப் போய் வாங்குகிறவள்தான். ஆனால் ஒரு வருடம் பக்தி மேலிட்டு, நுணுக்குக்காட்டியின் வில்லை மேலேயே சந்தனத்தை வைத்து அழுத்திவிட்டார். துடைத்தும் முழுக்கப் போகவில்லை. அடுத்த பூசை வரைக்கும் நெல்லின் மகரந்தமும் மஞ்சள், வெங்காயத் தோலும் மஞ்சள். போய் முறையிட்டோம்.

“எல்லாம் மங்களமாத்தானே தெரியுது, பிறகென்ன?” என்றார்.

இந்த மனிதரின் கையில்தான் எங்கள் ஓர்க்கிட்டின் உயிர் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் மரவாழை என்று சொல்வார்கள். பாலை மரக் கொப்புகளில் வேரைப் பின்னிக்கொண்டு இருக்கும் செடி. வாதத்துக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் அதை வேரோடு உரித்துக்கொண்டு போவார்கள். மிஞ்சியதை மற்றவர்கள், மரத்தை உறிஞ்சுகிற புல்லுருவி என்று நினைத்துப் பிடுங்கி எறிவார்கள், மரத்துக்கு நன்மை செய்கிற எண்ணத்தோடு. உண்மையில் அது மரத்திடம் ஒன்றும் எடுப்பதில்லை, சும்மா இருக்கும். இருக்கிற இடத்தை உறிஞ்சாத சீவன் அந்த நிலையத்தில் அது ஒன்றுதான்.

நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரிமார் மரவாழை கிடைக்கவில்லை என்று நிலையத்துக்கு வந்து முறையிட, மிஸ் தேடத் தொடங்கினார். பூநகரிப் பக்கம் போனோம், முல்லைத்தீவுப் பக்கம் போனோம். வெறுங்கொப்புகள்தான். கடைசியில் காட்டோரத்தில் ஒரு வளவில், உயர்ந்த பாலை ஒன்றில், ஒரேயொரு செடியைக் கண்டோம். அதில் ஒரு பச்சைக் காயும் இருந்தது. வளவுக்காரர் எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். காட்டை வெட்டித் தோட்டம் செய்துகொண்டிருந்தார். மரத்தை வெட்டாமல் விட அவருக்கு வழியில்லை, அதன் நிழலில் மிளகாய் வராது. வெட்டுகிற அன்று சொல்லி அனுப்பும்படி மிஸ் கேட்டார். சொல்லி அனுப்பினார். நாங்கள் போனபோது கொப்பைத் தனியாக வெட்டிக் குடிசைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார். விழுந்ததில் செடி நசிந்து போயிருந்தது. காய் மட்டும் தப்பியிருந்தது.

“இந்த மரத்த தேடி எத்தன வாட்டி ஜீப்புல வந்துட்டீங்க,” என்றார் கொப்பைத் தரும்போது. “நாங்க வந்து ரெண்டு வருசமாச்சு. எங்கள தேடி ஒரு சைக்கிளும் வரல்லீங்களே. ஒரு கெணறு கேட்டோம்.”

காயை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அந்தக் காய் போனால் எங்களுக்குத் தெரிந்த இடத்தில் வேறு இல்லை.

போத்தலில் விதை போடுவது உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லாத விசயம். உங்களிடம் கண்ணாடிக் கூடும் வடிகட்டிய காற்றும் இருக்கின்றன. எங்களிடம் தச்சரிடம் சொல்லி அடித்த ஒரு பெட்டி, சோறு சமைக்கிற பிரஷர் குக்கர், மண்ணெண்ணெய் அடுப்பு. தெரியாமல் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்த விதை மாத்தூள் மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது. அதனால் கடற்பாசிக் களியில் சீனியும் இளநீரும் கலந்து, போத்தலுக்குள் வைத்து ஊட்டுகிறோம். அந்தச் சாப்பாடு விதையைவிடப் பூஞ்சணத்துக்குத்தான் கூடப் பிடிக்கும். போத்தல் வாயில் இருக்கிற காய்ந்த பஞ்சு ஒன்றுதான் காவல். பஞ்சு நனைந்தால் கதை முடிந்தது.

விதை முளைத்து, களியின் மேல் பச்சைக் குண்டூசித் தலைகளாகத் தெரியத் தொடங்கிய கிழமையில் ஆயுத பூசை வந்தது. பணிப்பாளர் நிலையத்தாரைக் கூட்டி அறிவித்தார். இந்த வருடம் ஆய்வுகூடத்துக்கு விசேட பூசை. குருக்கள் நேரே உள்ளே வந்து எல்லாப் போத்தலுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். பிறகு ஒவ்வொரு போத்தலின் தலையிலும் பணிப்பாளர் தன் கையால் சந்தனம் வைப்பார். தலை என்று அவர் சொன்னது பஞ்சை.

மிஸ் படித்தவர், அதனால் படித்தவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தார். இரண்டு போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கம் சொல்லப் போனார். நானும் பின்னால் போனேன். பணிப்பாளரின் அறையில் வேறு ஒருவரும் இல்லை.

“ஐயா, இது பஞ்சு காய்ஞ்சிருந்த போத்தல். இது நனைஞ்சது. பாருங்கோ.”

இரண்டாவது போத்தலுக்குள் சாம்பல் நிறத்தில் மயிர் அடர்ந்து கிடந்தது.

“அப்ப, சாமி கும்பிட்டால் பூஞ்சணம் வருமெண்டு சொல்லுறியளோ மிஸ்?”

“தண்ணி பட்டால் வருமெண்டு சொல்லுறன்.”

“அது கிணத்துத் தண்ணியில்லை. குருக்கள் மந்திரம் சொன்ன தண்ணி.”

“பூஞ்சணத்துக்கு மந்திரம் விளங்காது ஐயா.”

அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. உண்மைதான், ஆனால் தேவையில்லை. அறை வாசலில், நிலையத்துக் கடிதங்களும் கோப்புகளும் பார்க்கிற எழுதுவினைஞர் நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் மிஸ் பூசையைப் பழித்தார் என்று நிலையம் முழுக்கத் தெரிந்தது. தேநீர் நேரத்துக்குள் அவர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியிருந்தார். பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கிறபோது ஞானஸ்நானம் எந்தத் தேவாலயத்தில் நடந்தது என்பதும் தெரிந்துவிட்டது. பாவம், அந்த மனுசி ஒவ்வொரு வெள்ளியும் விரதம்.

போத்தல்களை என் அறைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைப்போம் என்றேன். “உம்மட அறைக்குத் தகரக் கூரை. மத்தியானத்துக்குள்ள அவிச்சு எடுக்கலாம்,” என்றார் மிஸ். ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டுத் திறப்போடு காணாமல் போவோம் என்றேன். இன்னொரு திறப்புப் பணிப்பாளரிடம் இருந்தது. என்னிடம் இருந்த யோசனைகள் அத்தோடு முடிந்தன.

பூசையன்று ஊர்வலம் வந்தது. முன்னால் குருக்கள், கையில் செம்பும் மாவிலையும். பக்கத்தில் பணிப்பாளர், வேட்டியும் சால்வையுமாக, சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு. பின்னால் எழுதுவினைஞர் சாம்பிராணித் தட்டை ஊதி ஊதிக் கண் சிவந்து வந்தார். அதற்குப் பின்னால் முழு நிலையமும். மிஸ் என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் அவ்வளவு சனம், சாமிக்காக இல்லை.

மிஸ் வெளியே வந்து கதவைச் சாத்தி, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

“உள்ளுக்கு வரேலாது குருக்களையா,” என்றார். “துடக்கு.”

சாம்பிராணி ஊதுகிற சத்தம் நின்றது. பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டுக்குப் பூசையும் இல்லை, அந்த வீட்டாருக்குக் கோயிலும் இல்லை. இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். உள்ளே வேலை செய்கிறது நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேருக்கும் கலியாணம் ஆகவில்லை என்பதும் தெரியும்.

“ஆருக்குப் பிள்ளை பிறந்தது?” பணிப்பாளரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எழுதுவினைஞர் மிஸ்ஸின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். பார்வையை அங்கிருந்து எடுக்கவே இல்லை. நான் அப்போதே கொஞ்சம் பருமன்.

“போத்தலுக்குள்ள,” என்றார் மிஸ். “விதையெல்லாம் முளைச்சிட்டுது. எல்லாம் பச்சைப் பிள்ளையள்.”

“நெல்லுந்தான் முளைக்குது, வயலில துடக்குப் பாக்கிறமோ?” என்றார் எழுதுவினைஞர். அந்த ஆளுக்கு மூளை வேலை செய்த ஒரே நாள் அது.

“நெல்லு வெளியில, வெயிலில முளைக்குது. இது வீட்டுக்குள்ள. தாயும் செத்துப்போச்சு. தலைக்குப் பஞ்சு வைச்சு, சீனித் தண்ணி குடுத்து நாங்கள் வளக்கிறம்.”

இந்த இடத்தில் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. நான் பணிப்பாளரிடம் கேட்கவில்லை, குருக்களிடம் கேட்டேன்.

“குருக்களையா, மாடு கண்டுக்குட்டி போட்டால், நாள் கழியாமல் அந்தப் பாலைக் கோயிலுக்கு எடுப்பினமோ?”

“எடுக்கப்படாது,” என்றார் குருக்கள் உடனே.

“மாட்டுக்கே துடக்கெண்டால்?”

குருக்கள் கதவைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். இன்னும் உழவு இயந்திரம் இருந்தது, தண்ணீர்ப் பம்பி இருந்தது, அதற்குப் பிறகு சாப்பாடு இருந்தது. “துடக்கெண்டு காதில விழுந்த பிறகு நான் மிதிக்கப்படாது. சந்தேகமெண்டாலும் விலகிறதுதான் முறை,” என்று சொல்லி இரண்டடி பின்னால் வைத்தார். அவர் பின்னால் வைக்க, ஊர்வலம் முழுக்கப் பின்னால் வைத்தது. பணிப்பாளர் மட்டும் கிண்ணத்தோடு கொஞ்சம் நின்று மிஸ்ஸைப் பார்த்தார். “அப்பிடியெண்டால் சரி,” என்றார். போய்விட்டார்.

உள்ளே வந்து கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தோம். பணிப்பாளர் எவ்வளவு பெரிய மடையர் என்று நான் நடித்துக் காட்டினேன். மிஸ் சிரித்தார், ஆனால் என்னளவுக்குச் சிரிக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அந்த அறைக்கு வந்த பொற்காலத்தை உங்களால் கற்பனை செய்ய முடியாது. அதுவரை எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் எழுதுவினைஞரின் தயிர்ச் சட்டியும், யாரோ நாயாற்றிலிருந்து கொண்டுவரும் இறாலும் இருக்கும். அன்று பின்னேரமே தயிர் போனது, இறால் போனது. கதை கேட்க வருகிறவர்கள் வரவில்லை. களஞ்சியக்காரர் ஸ்பிரிட் போத்தலை வாசலில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று கூப்பிட்டார். கதவடியில் செருப்பைக் கழற்றுங்கோ, கையைக் கழுவுங்கோ என்று மிஸ் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, இப்போது சொல்லாமலே நடந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கலாமா என்று பணிப்பாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். மற்றத் தட்டுப் போத்தல்கள் நேற்றுத்தான் முளைத்தன என்று மிஸ் சொல்லி அனுப்பினார். அதற்கு அடுத்த முறையும் ஏதோ முளைத்திருந்தது. எங்கள் அறை அந்த வருடம் துடக்குக் கழியாத வீடாகவே இருந்தது.

இதைப் படித்துவிட்டு, சாமியை வாசலில் நிறுத்தினால் பூஞ்சணமும் வாசலில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். அது பாட்டுக்கு வந்தது. மின்சாரம் போனது, மழை வந்தது, என் கையும் சுத்தமில்லாமல் இருந்திருக்கும். ஒரு தட்டு முழுக்க ஒரே கிழமையில் சாம்பலாகிப்போனது. மிஸ் அழுதார். கேட்டால் மண்ணெண்ணெய்ப் புகை என்றார். ஆனால் மிஞ்சியவை வேர் விட்டன, இலை விட்டன. அவற்றைப் போத்தலிலிருந்து எடுத்து, கரித்துண்டில் பழக்கி, கடைசியில் நிலையத்து வளவில் நின்ற பாலையில் தும்புக் கயிற்றால் கட்டினோம்.

ஒரு கன்றை அந்த வளவுக்காரருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவரிடம் பாலை மரம் மிஞ்சவில்லை, வேலிப் பூவரசில் கட்டினார். கிணறு வந்ததா என்று கேட்டேன். “கன்னு வந்துருக்குங்க,” என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பணிப்பாளருக்கு நெடுநாள் கேட்ட யாழ்ப்பாண மாற்றம் நாங்கள் கன்று கட்டிய வருடம் கிடைத்தது. கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, எங்கள் பாலை மரத்தடிக்கும் வந்தார். கையில் அதே சந்தனக் கிண்ணம். மிஸ்ஸும் நானும் கன்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றோம்.

“துடக்குக் கழிஞ்சுதோ மிஸ்?”

“கழிஞ்சுது ஐயா. எல்லாரும் வெளியில வந்திட்டினம்.”

போகிற மனிதர்தானே என்று எனக்கு நாக்கு நீண்டது. “ஐயா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் உண்மையா நம்பினனீங்களோ?”

“எனக்கென்ன விசரே பிள்ளை?” என்றார். “நானும் தாவரவியல் படிச்சுத்தான் இந்தக் கதிரைக்கு வந்தனான். பஞ்சு நனைஞ்சால் என்ன நடக்குமெண்டு மிஸ் பள்ளிக்கூடம் போக முன்னமே எனக்குத் தெரியும்.”

“அப்ப, அவா ரெண்டு போத்தலையும் கொண்டுவந்து காட்டேக்க?”

“அண்டைக்கு நிப்பாட்டியிருந்தால், அவா சொல்லி நான் நிப்பாட்டினதெண்டு வந்திருக்கும். துடக்கெண்டபடியால் குருக்கள் நிப்பாட்டினதெண்டு வந்தது. அதில எனக்கு ஒரு குறைவுமில்லை.”

“அவா துடக்கெண்டு சொல்லாமல் விட்டிருந்தால்?”

அவர் விரலால் சந்தனத்தைக் குழைத்தார். கோபப்படவுமில்லை, வெட்கப்படவுமில்லை. “உள்ளுக்குப் போய்ப் பொட்டு வைச்சிருப்பன்,” என்றார். “வேற என்ன செய்யிறது?”

பிறகு மரத்தில் பொட்டு வைத்தார், கண்ணை மூடிக் கும்பிட்டார், எங்களிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் அதிசயப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

“உங்களுக்குத் தெரியுமோ, அவருக்குத் தெரியுமெண்டு?”

“ஓம். போத்தலைக் காட்டேக்க அவர் திருப்பிப் பார்த்த விதத்திலேயே தெரிஞ்சுது. முதலில பஞ்சைத்தான் பார்த்தவர்,” என்றார் மிஸ். “விளங்காத ஆளெண்டால் நான் இன்னும் நாலு போத்தல் கொண்டுபோய் விளங்கப்படுத்தியிருப்பன். விளங்கின ஆளுக்கு என்னத்தைக் காட்டுறது?”

சொல்லிவிட்டுக் குனிந்து, பொட்டு வைத்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“வேரில படேல்லை. ஒரு சாண் தள்ளித்தான் வைச்சிருக்கிறார்.”

உங்கள் கதவடிக்கு வருகிறேன். சாப்பாட்டுப் பெட்டியோடு உள்ளே போய் வந்தவருக்குக் கிருமியைப் பற்றி வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படங்களும் காட்டுவீர்களாம். முதலில் அவருக்கு அது தெரியுமா தெரியாதா என்று பாருங்கள். தெரியாதென்றால் வகுப்பு எடுங்கள், நல்ல காரியம். தெரியுமென்றால் வகுப்பை விட்டுவிடுங்கள். அவர் வெட்கப்படாமல் திரும்பிப் போக ஒரு வழியைக் கண்டுபிடியுங்கள், போத்தல்கள் சாகமுன்னம்.

இவ்வளவு நேரமும் அந்தப் பணிப்பாளரை நான் கேலி செய்ததை வாசித்துச் சிரித்திருப்பீர்கள். மஞ்சள் நுணுக்குக்காட்டியை எப்போதோ மன்னித்துவிட்டேன். சாம்பிராணியை மன்னித்துவிட்டேன், நிலையம் மிஸ்ஸை வேதக்காரியாக்கியதைக்கூட மன்னித்துவிட்டேன். தெரிந்தே தள்ளி வைத்த அந்த ஒரு சாணை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.